பருத்தியின் வேரில் ஒளிந்திருக்கும் எதிரி: பயிரை மாற்றினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் என்டர்பிரைஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் முக்கியச் சாலையின் நடுவில் 1919-ம் ஆண்டு முதல் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. எந்தத் தலைவருக்காகவும் வைத்தது அல்ல. பருத்திக் காய்களைத் துளைத்து அந்த வட்டாரத்தையே கடனில் தள்ளிய ஒரு கூன்வண்டுக்காக!

தங்களைப் பாழாக்கிய பூச்சிக்கு யாராவது சின்னம் வைப்பாங்களா? வைத்தார்கள். அந்த வண்டு வந்த பிறகுதான் அங்கிருந்த விவசாயிகள் பருத்தியை மட்டுமே நம்பியிருந்ததை விட்டு நிலக்கடலைக்கு மாறினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தப் பகுதி நாட்டின் முன்னணி நிலக்கடலை மாவட்டங்களில் ஒன்றாகிவிட்டது. வண்டு கெடுத்தது ஒரு பயிரை. கற்றுக்கொடுத்தது பயிரை மாற்றிப் போடும் பாடத்தை.

ஆனால், அதே வயல்களில் இன்னொரு எதிரியும் இருந்தது. அதற்கு யாரும் சின்னம் வைக்கவில்லை. காரணம், அது யார் கண்ணிலும் படவில்லை. மண்ணுக்குள் வேரில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்த அந்த எதிரியின் பெயர் நூற்புழு.

இந்த நூற்புழுவைச் சமாளிக்க உலகம் முழுவதும் சொல்லப்படும் முதல் வழி பயிர் சுழற்சி. 'ஒரே பயிரைப் போடாதே, மாத்திப் போடு' என்பது கேட்க எளிமையான அறிவுரைதான். ஆனால், எந்தப் புழு என்று தெரியாமல் பயிரை மாற்றுவது, என்ன நோய் என்று தெரியாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவதைப் போன்றது. அப்படித் தெரிந்துகொண்ட பிறகும், மாற்றுப் பயிரின் செலவையும் நட்டத்தையும் விவசாயி தலையில் மட்டும் கட்டினால், அந்த அறிவுரை காகிதத்தைத் தாண்டாது.

நூற்புழு என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் நூலை அரிக்கும் புழு என்று தோன்றலாம். அப்படி இல்லை. நூல் மாதிரி மெல்லிய, நிறமற்ற உயிரினம் இது. பயிரைத் தாக்கும் வகைகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம்தான். நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாது. வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அதை வேரின் செல்லுக்குள் குத்தி, செடி தனக்காகச் சேர்த்த சத்தை உறிஞ்சும்.

பருத்தியைப் பொறுத்தவரை இரண்டு வகைகள் முக்கியமானவை.

ஒன்று, வேர்முடிச்சு நூற்புழு. இது வேருக்குள் முழுவதுமாகப் புகுந்துவிடும். அது தங்கும் இடத்தில் வேர் வீங்கி முடிச்சு முடிச்சாக மாறும். மணற்பாங்கான நிலம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். செடியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிச்சைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, மொச்சை வடிவ நூற்புழு. பெண் புழு தலையை மட்டும் வேருக்குள் நுழைத்துக்கொண்டு, உடலை வெளியே வைத்திருக்கும். அந்த உடல் உப்பி மொச்சைக்கொட்டை வடிவத்துக்கு வருவதால் இந்தப் பெயர். ஹவாயில் தட்டைப்பயறு வேரில் கண்டறியப்பட்டு, 1940-ல் இதற்கு அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. வண்டலும் களியும் கலந்த கனமான மண்ணில்கூட இது நன்றாகப் பெருகும். முக்கியமான விஷயம்: இது முடிச்சு எதையும் உண்டாக்காது. செடியைப் பிடுங்கிப் பார்த்தாலும் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஏன் யாரும் கவனிப்பதில்லை?

காய்ப்புழு வந்தால் காயில் ஓட்டை தெரியும். வெள்ளை ஈ வந்தால் இலையைத் தட்டியதும் பறக்கும். நூற்புழு வந்தால்? செடி கொஞ்சம் குட்டையாக இருக்கும். இலை லேசாக வெளுத்திருக்கும். உச்சி வெயிலில் வாடி, சாயங்காலம் நிமிரும். காய் சிறுத்து, எண்ணிக்கையும் குறையும்.

இதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, 'உரம் பத்தலை போல' என்பதுதான். கடைக்குப் போனால் யூரியாவோ நுண்ணூட்டமோ கிடைக்கும். அடுத்த வருஷம் 'மண்ணு அசந்துபோச்சு' என்ற முடிவுக்கு வருவார்கள். மொச்சை வடிவ நூற்புழு இன்னும் சாமர்த்தியசாலி. நாளடைவில் அது வயல் முழுக்கப் பரவிவிடுவதால், எல்லாச் செடியும் ஒரே மாதிரி குட்டையாகத்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல செடிகூட இருக்காது. கடுமையாகத் தாக்கப்பட்ட வயலில் பாதி விளைச்சல்கூடப் போய்விடலாம். ஆனால், நட்டக் கணக்கில் நூற்புழுவின் பெயர் வராது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு துளைத்த வேரில், வாடல் நோயை உண்டாக்கும் ஃபியூசேரியம் பூஞ்சை எளிதாகப் புகுந்துவிடும். இந்தக் கூட்டணியை 1892-லேயே அலபாமாவில் பணியாற்றிய ஜார்ஜ் அட்கின்சன் என்ற அறிஞர் பதிவு செய்துவிட்டார். அதாவது, பிரச்சினை தெரியவந்து 130 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

மருந்து அடித்தால் தீராதா?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகம் அப்படித்தான் நம்பியது. மண்ணுக்குள் மருந்தைச் செலுத்தினால் போதும், மாற்றுப் பயிரெல்லாம் தேவையில்லை என்ற எண்ணம் வந்தது. அந்த நம்பிக்கை எப்படி முடிந்தது என்பதுதான் கதை.

டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி பல நாடுகளில் பயன்பட்டது. 1977-ல் கலிஃபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண் ஊழியர்கள் பலருக்குக் குழந்தை பெறும் திறனே பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டை நிறுத்தத் தொடங்கியது.

அடுத்து ஆல்டிகார்ப். பருத்தி விதைக்கும்போதே சாலில் போடும் குருணை. அமெரிக்கப் பருத்தி விவசாயிகள் பல பத்தாண்டுகள் இதைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். மிகக் குறைந்த அளவே மனிதரை நோயில் தள்ளக்கூடிய நஞ்சு இது. 1985-ல் கலிஃபோர்னியாவில் ஆல்டிகார்ப் கலந்த தர்பூசணி சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டார்கள். இதைத் தயாரிக்கப் பயன்படும் மூலப்பொருள் மெத்தில் ஐசோசயனேட். ஆம், 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதே வாயு. 2010-ல் இதன் தயாரிப்பைப் படிப்படியாக நிறுத்த உற்பத்தி நிறுவனம் அமெரிக்க அரசுடன் உடன்பாடு செய்துகொண்டது. பிறகு வேறொரு நிறுவனம் மூலம் அது அங்கே மறுபடி சந்தைக்கு வந்தது. இந்தியாவில் ஆல்டிகார்ப் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது.

இப்போது ஆபத்து குறைந்த புதிய மருந்துகளும், விதை நேர்த்தி முறைகளும், புழுவின் முட்டைகளைத் தாக்கும் நன்மை செய்யும் பூஞ்சைகளும் இருக்கின்றன. இவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், விதை நேர்த்தி தரும் காப்பு வேர் இளசாக இருக்கும் முதல் சில வாரங்களுக்குத்தான். அதற்குப் பிறகு பருத்திக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. புழுவோ சுமார் மூன்று, நான்கு வாரத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும்.

பி.டி. பருத்தி போட்டால் போதாதா என்ற கேள்வியும் வரும். போதாது. பி.டி. ரகங்களில் உள்ள நச்சுப்புரதம் காய்ப்புழு போன்ற புழுக்களுக்காகச் சேர்க்கப்பட்டது. வேரில் இருக்கும் நூற்புழுவை அது தொடவே தொடாது.

பயிர் சுழற்சி எப்படி வேலை செய்கிறது?

இந்தப் புழுக்களுக்கு ஒரே ஒரு பலவீனம்தான் உண்டு. உயிருள்ள வேர் இல்லாமல் அவற்றால் பெருக முடியாது. அதுவும் எல்லா வேரும் அவற்றுக்கு ஒத்துவராது. பிடிக்காத பயிரைப் போட்டால், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் சாப்பாடு இல்லாமல் சாகும். மண்ணில் எண்ணிக்கை சரியும். அடுத்து வரும் பருத்தி, எதிரி குறைந்த நிலத்தில் வேர்விடும். அவ்வளவுதான் தத்துவம்.

இதற்கு மிக அழகான உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களின் பருத்தி–நிலக்கடலை ஜோடி. அங்கே பருத்தியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு இனத்துக்கு நிலக்கடலை ஆகாது. நிலக்கடலையைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு வேறோர் இனம். அதற்குப் பருத்தி ஆகாது. ஆக, ஒரு பயிர் நிற்கும் வருஷத்தில் மற்றதன் எதிரி பட்டினி கிடக்கிறது. மொச்சை வடிவ நூற்புழுவுக்கும் நிலக்கடலை பிடிக்காது. ஒரு ரூபாய்க்குக்கூட நூற்புழு மருந்து வாங்காமல் இரண்டு பயிரும் ஒன்றுக்கொன்று வைத்தியம் பார்த்துக்கொள்கின்றன.

இதைப் பார்த்ததும், 'அப்போ எல்லாரும் கடலை போட்டா முடிஞ்சுது' என்று தோன்றும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தவறான பயிரை மாற்றினால்?

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளலாம். வயலில் இருப்பது மொச்சை வடிவ நூற்புழு என்றால், மக்காச்சோளம் அருமையான மாற்றுப் பயிர். அந்தப் புழு அதில் பெருகாது. ஆனால், இருப்பது பருத்தியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு என்றால், கதை தலைகீழ். அது மக்காச்சோள வேரில் சத்தமில்லாமல் பெருகும். மக்காச்சோளச் செடியில் பெரிய அறிகுறிகூடத் தெரியாமல் போகலாம். விவசாயி மனசுக்குள் 'மாத்துப்பயிர் போட்டாச்சு' என்று நிம்மதியாக இருப்பார். அடுத்த பருத்தி அதற்கான பில்லைக் கட்டும்.

பயறு வகைகளும் அப்படித்தான். மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதால் உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றைப் பருத்திக்கு ஊடுபயிராகவும் மாற்றுப் பயிராகவும் போடச் சொல்வது வழக்கம். மண்வளம் என்ற கணக்கில் அது சரியான யோசனை. ஆனால், மொச்சை வடிவ நூற்புழு உள்ள வயலில் இவை அந்தப் புழுவுக்கு விருந்து. வரப்போரம் போடும் ஆமணக்கும் அதே ரகம். தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்கறிகளோ இந்த இரண்டு புழுக்களுக்கும் இடம் கொடுக்கும்.

சுருக்கமாக:

• மொச்சை வடிவ நூற்புழு இருந்தால்: மக்காச்சோளம், சோளம், நிலக்கடலை, நெல் உதவும். பயறு வகை, ஆமணக்கு, தக்காளி, கத்தரி ஆகாது.

• பருத்தியைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால்: நிலக்கடலையும் நீர் கட்டி நடும் நெல்லும் உதவும். மக்காச்சோளமும் பெரும்பாலான காய்கறிகளும் ஆகாது. சோளம் ரகத்துக்கு ரகம் மாறும்.

• இரண்டும் இருந்தால்: நிலக்கடலை ஒரு நல்ல தொடக்கம். ஆனால், நிலக்கடலையையே தாக்கும் வேர்முடிச்சு இனங்களும் இந்தியாவில் இருக்கின்றன. அதனால், பரிசோதனை முடிவைப் பார்க்காமல் இறங்கக் கூடாது.

ஒரே பயிர், ஒரு வயலில் மருந்து. பக்கத்து வயலில் தீவனம். 'பயிர் சுழற்சி செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அறிவுரை ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஒரு வருஷம் மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதாது. மொச்சை வடிவ நூற்புழு காய்ந்த மண்ணில் உடலைச் சுருக்கிக்கொண்டு, உணவில்லாமலேயே ஒரு வருஷத்துக்கும் மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏர் எட்டாத ஆழத்திலும், ஒரு மீட்டருக்குக் கீழேயும்கூட அது இருக்கும். ஒரு வருஷம் மக்காச்சோளம் போட்டால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். அடுத்த பருத்தியும் நன்றாக வரும். ஆனால், அந்த ஒரே பருத்திப் பருவத்தில் எஞ்சிய புழுக்கள் மறுபடி பழைய நிலைக்குப் பெருகிவிடும் என்பதை அமெரிக்க வயல்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இரண்டு வருஷம் தொடர்ந்து பிடிக்காத பயிரைப் போட்டால் பலன் இன்னும் கூடும்.

களையும் கணக்கில் வரும். மாற்றுப் பயிருக்கு நடுவே புழுவுக்குப் பிடித்த களைகளையோ, தானாக முளைத்த பருத்தியையோ விட்டுவைத்தால், சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த மாதிரி. அறுவடை முடிந்தும் வயலில் நிற்கும் பருத்திமாரும் அப்படித்தான். மார் பச்சையாக நிற்கும்வரை அதன் வேரில் புழுவுக்குச் சாப்பாடு உண்டு.

தெரிந்தும் ஏன் மாற்றவில்லை?

அமெரிக்கத் தென்மாநிலங்களின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1896-ல் தொடங்கிய பருத்திப் பயிர் சுழற்சிச் சோதனை வயல் இன்றும் தொடர்கிறது. பருத்தியை விடாமல் போடும் பாத்திகளும், மற்ற பயிர்களோடு மாற்றிப் போடும் பாத்திகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மண்வளத்தைப் பொறுத்தவரை எது நல்லது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால், வயலில் நடந்தது வேறு. காய்க் கூன்வண்டை ஒழிக்கும் அரசு–விவசாயிகள் கூட்டுத் திட்டம் 1980-களில் ஜார்ஜியாவுக்கு வந்து வெற்றி பெற்றது. 1983-ல் அங்கே சுமார் 1.2 லட்சம் ஏக்கராகச் சுருங்கியிருந்த பருத்தி, 1995-ல் சுமார் 15 லட்சம் ஏக்கராக விரிந்தது. 1996-ல் பி.டி. பருத்தியும் வந்தது. கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள் போனதும், பல வயல்களில் பருத்திக்குப் பின் பருத்தி என்பதே பழக்கமானது. கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு அது பொற்காலம்.

அந்த விவசாயிகள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. பருத்தி பறிக்கும் இயந்திரத்தின் விலை பல கோடி ரூபாய்க்குச் சமம். அதை வைத்து மக்காச்சோளம் அறுக்க முடியாது. வாங்கிய கடன், அருகிலிருக்கும் ஜின்னிங் ஆலை, தெரிந்த வியாபாரி எல்லாமே 'பருத்தியே போடு' என்றன. பிறகு எத்தனால் தேவையால் 2007 வாக்கில் மக்காச்சோள விலை ஏறியதும், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் பல ஆயிரம் ஏக்கர் ஒரே மூச்சில் பருத்தியிலிருந்து மக்காச்சோளத்துக்கு மாறியது. நூற்புழு ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி நடக்காததை, சந்தை விலை ஒரே பருவத்தில் நடத்திக் காட்டியது. பயிரை மாற்றும் முடிவு மண் பரிசோதனைக் கூடத்தில் எடுக்கப்படுவதில்லை. கமிஷன் மண்டியில்தான் எடுக்கப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கிறது. இதே இரண்டு வகைப் புழுக்களும் தமிழ்நாட்டுப் பருத்தி நிலங்களில் இருக்கின்றன. நாட்டிலேயே நூற்பாலைகள் அதிகம் உள்ள மாநிலம் இது. ஆனால், அந்த ஆலைகளுக்குத் தேவையான பஞ்சில் மிகச் சிறிய பங்குதான் உள்ளூரில் விளைகிறது. மீதி வெளி மாநிலங்களிலிருந்து லாரி ஏறி வருகிறது. திருப்பூரில் தைக்கப்படும் டி-ஷர்ட்டின் விலையில் அந்த லாரி வாடகையும் சேர்ந்தே இருக்கிறது.

இங்கே சாதகங்களும் உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நெல் அறுத்த தரிசில் பருத்தி போடுகிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற நெல் வயலில் வேர்முடிச்சு நூற்புழு தழைப்பது கஷ்டம். அதாவது, டெல்டா விவசாயி தெரிந்தோ தெரியாமலோ நல்ல சுழற்சியைத்தான் செய்கிறார். பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே சுழற்சி சுலபம். ஆனால், எந்த வயலில் எந்தப் புழு என்று தெரிந்தால்தான் அந்த மக்காச்சோளம் வைத்தியமா, விருந்தா என்று சொல்ல முடியும்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் 12 விஷயங்கள் இருக்கும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து. நூற்புழு அந்தப் பட்டியலில் இல்லை. 'உரம் எவ்வளவு போடணும்' என்று சொல்லும் அட்டை, போட்ட உரத்தை வேரிலிருந்து உறிஞ்சுவது யார் என்று சொல்வதில்லை.

நூற்புழுவை அரசு கண்டுகொண்டதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1961-ல் நீலகிரி உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது, ஆராய்ச்சி நடந்தது, முட்டைக்கோசு, கேரட் போன்றவற்றைக் கொண்டு பயிர் சுழற்சி பரிந்துரைக்கப்பட்டது. அது மற்ற மாநிலங்களுக்குப் பரவும் ஆபத்து என்பதால் அரசு விழித்துக்கொண்டது. பருத்தி நூற்புழு ஏற்கெனவே பரவிவிட்டதால் யாருக்கும் அவசரமில்லை. நட்டம் சிறு விவசாயியின் பாக்கெட்டோடு முடிந்துவிடுகிறது.

பில்லை யார் கட்டுவது?

பயிர் சுழற்சிக்கு 'செலவில்லாத வழி' என்று ஒரு பெயர் உண்டு. அது பாதி உண்மை. மருந்துச் செலவு இல்லை. ஆனால், பருத்திக்குப் பதிலாகப் போடும் பயிரின் வருமானம் குறைந்தால் அந்த வித்தியாசம்தான் செலவு.

மாற்றுப் பயிருக்கும் ஆபத்துகள் உண்டு. 2018-ல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு, தமிழ்நாட்டு மக்காச்சோளத்தை எப்படிச் சூறையாடியது என்பதைப் பெரம்பலூர் விவசாயிகளிடம் கேட்டால் தெரியும். நிலக்கடலைக்கு ஆள் கூலி பெரும் சுமை. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் மத்திய அரசு குறைந்தபட்ச ஆதார விலையை அறிவிக்கத்தான் செய்கிறது. ஆனால், விலை அறிவிப்பது வேறு. அந்த விலைக்கு மூட்டையை வாங்கிக்கொள்வது வேறு.

குத்தகை இன்னொரு முட்டுக்கட்டை. பெரும்பாலும் வாய்ப்பேச்சில், வருஷாவருஷம் புதுப்பிக்கும் குத்தகையில் பயிர் செய்பவர், இந்த ஆண்டு குறைந்த வருமானத்தை ஏற்றுக்கொண்டு மண்ணைச் சுத்தம் செய்தால், அடுத்த ஆண்டு பலன் யாருக்குப் போகும்? ஒருவேளை நில உரிமையாளருக்கு. ஒருவேளை அடுத்த குத்தகைதாரருக்கு. 'மண்ணை நேசிக்கணும்' என்று அவருக்கு வகுப்பெடுப்பதில் அர்த்தமில்லை. அவர் போடும் கணக்கு சரியான கணக்குத்தான்.

அப்போ என்னதான் செய்யணும்?

முதலாவது, பரிசோதனை. பருத்தி, வாழை, மஞ்சள், காய்கறி பயிராகும் வட்டாரங்களிலாவது மண்வள அட்டையோடு நூற்புழுப் பரிசோதனையும் சேர வேண்டும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை, அது ஒன்றியம்வரை வந்து சேரவில்லை என்பதுதான் குறை. மாதிரி எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. அறுவடையை ஒட்டி, வேர்ப்பகுதியில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில், வயலின் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, பிளாஸ்டிக் பையில் ஈரம் காயாமல், வெயில் படாமல் சில நாட்களுக்குள் ஆய்வகத்தில் சேர்த்தால் போதும். புழு உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, அறிவுரை வயலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 'பருத்திக்குப் பிறகு பயறு போடுங்கள்' என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரியில் சொல்வதை நிறுத்த வேண்டும். புழுவின் பெயர், எண்ணிக்கை, போடக்கூடிய பயிர், போடக்கூடாத பயிர் என்று நான்கு வரியில் ஒரு சீட்டு கொடுத்தால் விவசாயி மீதியைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது, மாற்றுப் பயிருக்கு நிஜமான கொள்முதல். பரிசோதனையில் புழு உறுதியான வயல்களில் இரண்டு பருவத்துக்கு மட்டுமாவது மாற்றுப் பயிரை ஆதார விலைக்கு வாங்கும் உத்தரவாதம் கொடுக்கலாம். கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம் வேண்டும். எண்ணெய் ஆலைகளுக்குக் கடலை வேண்டும். வாங்க ஆள் இருக்கிறது. இடையில் ஒரு கை வேண்டும். பஞ்சு தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும் நூற்பாலைகளும் இதில் ஒரு பங்கைச் சுமப்பதில் தவறில்லை.

நான்காவது, தாங்கும் ரகங்கள். நூற்புழுவைத் தாங்கும் பருத்தி ரகங்களை அமெரிக்கா பல பத்தாண்டு உழைப்பில் உருவாக்கி, இப்போது விற்பனைக்கும் கொண்டுவந்திருக்கிறது. காட்டுப் பருத்தி இனங்கள்வரை போய் அதற்கான மரபணுக்களைத் தேடினார்கள். இந்தியாவில் விதைப் பாக்கெட்டின் விளம்பரம் பெரும்பாலும் காயின் எடையையும் எண்ணிக்கையையும்தான் பேசுகிறது. வேரைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்வது அரசின் வேலை.

'இதெல்லாம் நடக்கிற காரியமா, பணம் எங்கே இருக்கு?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், பரிசோதனை இல்லாததால் இப்போதும் பணம் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. தேவையில்லாத யூரியாவுக்கு அரசு கொடுக்கும் மானியமாக, வேலை செய்யாத இடத்தில் போடும் குருணை மருந்தாக, காரணம் தெரியாமல் சரியும் விளைச்சலாக அது போய்க்கொண்டிருக்கிறது. முதல் இரண்டில் கொஞ்சமாவது அரசு பட்ஜெட்டில் தெரிகிறது. மூன்றாவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அதைத் தாங்குவது ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும்.

அலபாமாவில் கூன்வண்டு வந்தபோது யாரும் ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. உதிர்ந்த காய்களே சாட்சி சொன்னதால் ஊரே பயிரை மாற்றியது. நூற்புழு அப்படிச் சாட்சி சொல்லாது. அதனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு வயலிலும் தனித்தனியாக. ஒரு கிலோ மண்ணும், அதைப் பார்க்க ஒரு நுண்ணோக்கியும், சொன்னதை நம்பிப் பயிரை மாற்றியவரைக் கைவிடாத ஒரு கொள்முதல் நிலையமும் இருந்தால், உலகின் மிகப் பழைய பயிர் வைத்தியம் இன்றும் வேலை செய்யும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அது மேடையில் பேசி மறந்துவிடும் இன்னொரு அறிவுரையாகவே மிஞ்சும்.